கொட்டாஞ்சேனை பார்க்கில் கடைசி ஓட்டோ

என் உடம்பு பொதுச் சேவைக்குப் பயன்பட்டிருக்கிறது என்று நான் சொன்னால், இரத்ததானம் செய்தேன் என்று நினைப்பார்கள். என் இரத்தத்தில் பாதி சீனி. அதை யாரும் வாங்க மாட்டார்கள். நான் பயன்பட்டது பாரமாக. ஓட்டோவின் பின் சீட்டில் ஏற்றி இறக்குகிற பாரமாக.

ஓய்வு பெற்ற புதிதில், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில், நான் மனைவிக்கு உதவி செய்யத் தொடங்கியிருந்தேன். குசினிப் போத்தல்களையெல்லாம் உயரப்படி அடுக்கி வைத்தேன். மிளகாய்த்தூளை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கறி வைக்கும்போது பக்கத்தில் நின்று, அடுப்பைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று ஆலோசனை சொன்னேன்.

"இன்னும் ஒரு மாதம் நீங்கள் எனக்கு இப்பிடி உதவி செய்தீங்களெண்டால், நான்தான் ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்" என்றாள்.

அதை யோசித்துத்தானோ என்னவோ, சிறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்குத் தொழில் அமைத்துக் கொடுக்கும் அமைப்பு ஒன்றை அவளே தேடிப் பிடித்தாள். முன்கூட்டியே ஒரு தொடர்பு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். மருதானையில், டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். நடத்துகிற அம்மா முன்னர் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு நேரே கேட்டார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

காப்புறுதிக் கம்பெனியில் காலமெல்லாம் வேலை செய்தவன் நான். மற்றவர்களின் வாகனம் எப்படி இடிபட்டது என்று எழுதத் தெரியும். அதைச் சொன்னேன்.

"தைக்கத் தெரியுமா? கேக்? கொம்பியூட்டர்?"

"நல்லாக் கதைப்பன்."

"அது தெரியுது" என்றவர், என்னை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். கல்யாணத் தரகர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "பாரம் என்ன, தொண்ணூறு கிலோ இருப்பீங்களா?"

விஷயம் இதுதான். அவர்களிடம் பயிற்சி பெற்றுப் போன பெண்கள் தைத்தார்கள், கேக் செய்தார்கள், சிகை அலங்கார நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தி மட்டும், "தையல் வேணாம் மிஸ். உள்ள இருந்து தைச்சது காணும். நான் அசையிற வேலை செய்யணும்" என்று சொல்லியிருக்கிறாள். நாற்பது வயசிருக்கும், கொட்டாஞ்சேனைக்காரி. வெளியே வந்ததும் வேலை கேட்டுப் போன இடமெல்லாம், இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்ற ஒரே கேள்வியில் கதவு மூடியிருந்தது. ஓட்டோ ஓடப் பழகி லைசன்ஸும் எடுத்துவிட்டாள். அமைப்பிடம் நன்கொடையாக வந்த பழைய ஓட்டோ ஒன்று இருந்தது. ஆனால் வெறும் வண்டியை ஓட்டுவது ஒன்று, ஆள் ஏறிய வண்டியை ஓட்டுவது இன்னொன்று. ஏற்றத்தில் இழுக்காது, இறக்கத்தில் நிற்காது. ஆகவே ஒரு பாரம் வேண்டும்.

"சீமெந்து மூட்டை வைக்கலாம்தான்," என்றார் அந்த அம்மா, "ஆனால் அது கதைக்காது. பாசெஞ்சர் கதைப்பாங்கள், குறை சொல்லுவாங்கள். அதுக்கும் அவ பழகவேணும்."

என் தகுதிகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்த முதல் மனுஷி அவர்.

என்ன குற்றம் செய்தாள் என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். எனக்குத் தெரியாது. நீதிமன்றம் கேட்டு முடித்துவிட்ட கேள்வியை, பின் சீட்டில் இருக்கிற மூட்டை திரும்பக் கேட்கத் தேவையில்லை.

முதல் நாள் வெள்ளவத்தையில் என்னை ஏற்றினாள். "அங்கிள், பயப்புடாதீங்க" என்றாள். அதுவரை நான் பயப்படவில்லை. காலி வீதியில் ஏறி, நன்றாகத்தான் போனோம். திடீரென்று ஓரங்கட்டி நிறுத்தி, கையிரண்டையும் ஹாண்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

"ஏன் தங்கச்சி நிப்பாட்டினீங்கள்?"

"சேர் நிக்கிறாரே."

"எந்த சேர்?"

கண்ணால் காட்டினாள். வங்கி வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், காவலாளி ஒருவர் வாயைத் திறந்தபடி அரைத் தூக்கத்தில் இருந்தார்.

அங்கிருந்து கிளம்பி, தபால்காரருக்கு ஒருமுறை நின்றோம். சாரணர் உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஒருமுறை. ஹோட்டல் வாசலில் தலைப்பாகையோடு கதவு திறந்துவிடுகிறவருக்கு நின்றபோது, அவர் ஓடி வந்து எனக்குக் கதவு திறக்கப் பார்த்து, ஓட்டோவில் கதவு இல்லாததால் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கொழும்பில் இத்தனை சீருடைகள் இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடற்கரை வீதியில் ஓரமாக நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். உள்ளே, யூனிபோர்ம் போட்டவர் வந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கவேண்டும். போ என்று சொல்லும்வரை அசையக் கூடாது. "எனக்கு விளங்குது அங்கிள், அவர் பேங்க் வாச்சர்னு. கைக்கு விளங்குதில்ல. அது தானா எடுபடுது."

நான் சிரிக்கவில்லை. அதாவது, முதலில் சிரிக்கவில்லை. "அந்தத் தலைப்பாகைக்காரர்..." என்று அவள்தான் தொடங்கினாள். பிறகு இரண்டு பேரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ரயில் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பிறகும் சிரித்தோம்.

மருந்தை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த நாள் முதல், காக்கியோ நீலமோ எதைக் கண்டாலும், அவர் யார், என்ன வேலையாக நிற்கிறார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

"வாச்சர். பேங்கைப் பாக்கிறார். எனக்கில்ல."

"தபால். எனக்கில்ல."

"நேவி. பஸ்ஸுக்கு நிக்கிறார். எனக்கில்ல."

"ட்ரபிக் பொலிஸ். கையைக் காட்டுறார். இவர் எனக்குத்தான்!" பிரேக்.

நானும் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டேன். அவள் "வாச்சர்" என்பாள், நான் "எங்களுக்கில்லை" என்பேன். கோயிலில் அரோகரா சொல்வதுபோல ஆகிவிட்டது. மனைவியோடு சந்தைக்குப் போன இடத்தில் ஒரு பொலிஸ்காரரைக் கண்டதும் என் வாய் தானாக "எனக்கில்ல" என்றது. அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி என்னைத் தெரியாதவள்போல வெங்காயம் பொறுக்கத் தொடங்கினாள்.

பரீட்சை என்று ஒன்றை நாங்களே வைத்துக்கொண்டோம். களுபோவில ஆஸ்பத்திரி வாசல், வேலைமுறை மாறுகிற நேரம். தாதிமார், சிற்றூழியர், காவலாளிகள், பொலிஸ், அம்புலன்ஸ் சாரதி, எல்லோரும் ஒரே இடத்தில், எல்லோரும் சீருடையில். அவள் ஒரு தடவைகூட "எனக்கில்ல" சொல்லவில்லை. உதடுகூட அசையவில்லை. கூட்டத்துக்குள் வளைந்து, கோர்ன் அடித்து, ஒரு காவலாளியைப் பார்த்து, "அய்யே, பொட்டக் அயின் வென்ன!" என்று, அண்ணே கொஞ்சம் விலகுங்கள் என்று, சிங்களத்தில் சத்தம் வேறு போட்டாள். அந்த மனுஷன் விலகினார்! வாசலைத் தாண்டிப் போய் நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கை தட்டினேன். பக்கத்தில் மருந்துத் துண்டோடு நின்ற ஒருவர், எனக்கு நல்ல ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்.

ஓட்டத் தெரிந்துவிட்டது. இனி நிற்க இடம் வேண்டும்.

அதில்தான் எல்லாம் இருந்தது. ஓட்டோவை அமைப்பு ஒரு குறித்த காலத்துக்குத்தான் கொடுத்திருந்தது. அதற்குள் நிலையாகத் தொழில் அமைந்தால் வண்டி அவளுக்கு. அமையாவிட்டால், லைசன்ஸ் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். போனில் கூப்பிடுகிற ஓட்டோக் கம்பெனிகள் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டன. அந்த வழி அடைத்தாயிற்று. மிச்சமிருந்தது பார்க். கொழும்பில் ஓட்டோக்கள் வரிசையாக நின்று ஆள் ஏற்றுகிற இடத்துக்கு அதுதான் பெயர். பார்த்தால் தெருவோரம். ஆனால் கண்டவர் கொண்டுவந்து வண்டியை நிறுத்திவிட முடியாது. அங்கே நிற்கிறவர்கள் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் இல்லை.

அவள் வீட்டுக்குக் கிட்ட, கொட்டாஞ்சேனையில் ஒரு பார்க். அதன் தலைவர் தாடி நரைத்த ஒரு முஸ்லிம் மனுஷர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவர் முன்னால் பேசுவதற்கு நான் ஓர் உரை தயாரித்துக்கொண்டு போனேன். சமூகம், மன்னிப்பு, மறுவாழ்வு எல்லாம் வருகிற உரை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். "அன்பான சாரதிச் சகோதரர்களே" என்று தொடங்கினேன்.

"நானா," என்றாள் அவள் குறுக்கே. "நான் ஜெயில்ல இருந்து வந்தவ. ஓட்டோ ஓடுறன். இங்க நிக்கலாமா?"

என் உரையின் சுருக்கம் முடிந்தது.

நானா தாடியைத் தடவினார். "அத யாரு கேட்ட? ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தா, அந்த ஒழுங்கைக்குள்ளுக்குப் பின்னால போய்க் காட்டுங்க."

அந்தக் குறுகிய சந்துக்குள் பின்னாலேயே போய்க் காட்டினாள். அதற்கிடையில் மற்றவர்கள் வந்து கூடினார்கள். ஒருவர், எந்த வருஷம் உள்ளே இருந்தீர்கள் என்று விசாரித்தார். தன் மச்சானும் அந்தக் காலத்தில் ஆண்கள் பக்கம் இருந்தாராம். இன்னொருவர், அபராதம் கட்ட மறந்து தானே ஒரு கிழமை இருந்துவிட்டு வந்ததாகவும், பருப்பு அப்போதும் தண்ணீராகத்தான் இருந்தது என்றும் சொன்னார். "இப்பவும் அப்பிடித்தான்" என்றாள் அவள். கதை களைகட்டியது. உள்ளே போன அனுபவமோ, போன சொந்தக்காரனோ இல்லாமல் அங்கே மூலையில் நின்றவன் நான் ஒருவன்தான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆனால் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வயசு, வெயிலிலும் நிழலிலும் கறுப்புக் கண்ணாடி.

"ஜெயில் எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்ல நானா. இருக்கிற ஹயர் எங்களுக்கே காணாது. இன்னொரு வண்டி என்னாத்துக்கு?"

"நான் பொறுப்பு நிக்கிறன்" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

"அங்கிளுக்கு ஓட்டோ ஓடத் தெரியுமா?"

"தெரியாது."

"சைக்கிள்?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

கடைசியில் நானா சொன்னதுதான் தீர்ப்பு. மாத முடிவுவரை அவள் வரிசையின் வாலில் நிற்கலாம். சாதாரணமாக முன் வண்டி ஹயருக்கு, அதாவது சவாரிக்கு, போக, பின் வண்டிகள் ஒவ்வொன்றாக முன்னே நகரும். புது வண்டிக்கு அந்த நகர்ச்சி இல்லை. வருகிறவர்கள் எல்லாம் அவளுக்கு முன்னால் நிற்பார்கள். முன்னால் நிற்கிற எல்லோரும் வேண்டாம் என்று விட்ட ஹயர் எதுவோ, அது மட்டும் அவளுக்கு. மாத முடிவில் எல்லோரிடமும் கேட்போம், அதுவரை ஒரு குழப்பமும் வரக் கூடாது.

அந்த வாலில் என்னென்ன வந்து சேர்ந்தது! மீன் கூடைக்கார அக்கா ஒருவர். கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகும், சீட் மூன்று நாளைக்கு மணக்கும், அதனால் யாரும் ஏற்றுவதில்லை. சக்கர நாற்காலியில் கிளினிக் போகிற தாத்தா ஒருவர். நாற்காலியை மடித்து ஏற்ற அரை மணித்தியாலம் எடுக்கும் என்று எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். காஸ் சிலிண்டரோடு மூன்றாம் மாடிக்குப் போகிற ஆச்சி, சிலிண்டரையும் சாரதியே தூக்கவேண்டும். அடுத்த வளைவுவரை மட்டும் போகிற, அந்த வளைவுவரையும் பேரம் பேசுகிற ஒரு மாஸ்டர். எல்லோரையும் ஏற்றினாள். சீட்டில் பிளாஸ்டிக் விரித்தாள். நாற்காலி மடிக்கிற விதத்தை அந்தத் தாத்தாவிடமே கேட்டுப் பழகினாள். மாஸ்டரோடு அவரைவிட நன்றாகப் பேரம் பேசினாள். அவருக்கு அதுவே பிடித்துப்போய் இரண்டு வேளையும் வரத் தொடங்கினார்.

நான் அடிக்கடி பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். மேற்பார்வை என்று மனைவியிடம் சொல்லுவேன். உண்மையில் அங்கே பக்கத்துத் தேநீர்க் கடையில் சுடச்சுட நல்ல பட்டிஸ் கிடைக்கும். ஒருநாள் கேட்டேன், "வாலிலேயே நிக்கிறது கஷ்டமாயில்லையா தங்கச்சி?"

"நிக்கிறது கஷ்டமில்ல அங்கிள். நகராம நிக்கிறதுதான்" என்றாள். பிறகு, "சீட்டில பட்டிஸ் கொட்டாதீங்க" என்றாள்.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. நானா பகல் தொழுகை முடித்து வந்ததும் கேட்பதாக ஏற்பாடு. நான் நேரத்தோடு போய் நின்றேன். என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன்.

மீன்கார அக்கா கூடையோடு வந்தார். முன்னால் நின்றது கறுப்புக் கண்ணாடிக்காரனின் வண்டி. அன்று ஹயர் குறைவு. அவன் மீனுக்கும் தயாராக இருந்தான்போல. "வாங்க அக்கா" என்றான். அக்கா அவனைத் தாண்டினார். அடுத்த வண்டியைத் தாண்டினார். வரிசை முழுவதையும் தாண்டி, வாலில் நின்ற வண்டியில் கூடையை வைக்கப் போனார்.

"என்னா இது!" கண்ணாடிக்காரன் இறங்கி வந்துவிட்டான். "நாங்க என்னா, படம் காட்டவா நிக்கிறோம்? பாத்தீங்களா? இதத்தான் நான் அண்டைக்கே சொன்னன். லைன் உடைஞ்சா பார்க் இல்ல!"

குழப்பம் வரக் கூடாது என்றிருந்தது. குழப்பம் வந்துவிட்டது, அதுவும் மீன் கூடையோடு.

அவள் இறங்கி, கூடையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அக்கா, முன்னுக்கு நிக்கிற வண்டியில போங்க. இது என்ட டர்ன் இல்ல."

"அவன் இவ்வளவு நாளும் என்னை ஏத்தல்ல. இண்டைக்கு நான் அவனை ஏத்தமாட்டன்."

"அக்கா, லைன்."

"சரி. லைன்தானே. உன்ட டர்ன் வாறவரைக்கும் நானும் லைன்ல நிக்கிறன்" என்று மீன்கார அக்கா கூடையை நிலத்தில் வைத்து, பக்கத்திலேயே குந்திவிட்டார்.

பிறகு தாத்தா வந்தார், நாற்காலியை அக்காவுக்குப் பின்னால் நிறுத்தினார். சிலிண்டர் ஆச்சி வந்தார். மாஸ்டர் வந்து, வரிசையில் தனக்கு முன்னால் விடச் சொல்லி ஆச்சியோடு பேரம் பேசினார், தோற்றார். வீதியோரம் ஓட்டோக்கள் ஒரு வரிசை, அதற்கு எதிரே ஆட்கள் ஒரு வரிசை. இரண்டும் நகரவில்லை. சமாதானம் பேச நான் நடுவில் போனேன். "இதப் பிடிங்க" என்று ஆச்சி என் கையில் சிலிண்டரைத் தந்தார். அத்தோடு என் சமாதானம் நின்றது.

நானா தொப்பியோடு வந்து, இந்தக் காட்சியை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கையை உயர்த்தினார். அவளைப் பார்த்து, "நீங்க ஏத்தினீங்களா?" என்றார்.

"இல்ல நானா. என்ட டர்ன் இல்லயே."

கண்ணாடிக்காரனிடம் திரும்பினார். "இவ ஆக்கள ஏத்தல்ல. லைன உடைக்கவுமில்ல. இந்த ஆக்கள் முந்தி யார்ட வண்டியில போன?"

"ஒருத்தர்டயும் இல்ல."

"அப்ப ஒங்கட ஹயர இவ எடுத்தா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்கள் சின்னதாக, நல்ல கண்களாகத்தான் இருந்தன.

"இவவ முன்னுக்கு விட்டா எல்லாம் சரியாயிடும் நானா" என்றார் ஒருவர்.

"முன்னுக்கு வேணாம்" என்றாள் அவள். "லைனுக்குள்ள ஒரு இடம் தாங்க. நகருற இடம். அது போதும்." பிறகு மீன்கார அக்கா பக்கம் குனிந்தாள். "அக்கா, இண்டைக்குத் தம்பியோட போங்க. என்ட பிளாஸ்டிக்க அவர்ட சீட்டில விரிச்சுத் தாறன்."

அக்கா கண்ணாடிக்காரனை முறைத்தார். "ஏத்துவியா?"

அவன் ஒரு கணம் கூடையைப் பார்த்தான், ஒரு கணம் நானாவைப் பார்த்தான். "ஏறுங்க அக்கா" என்றான். பிளாஸ்டிக்கை வாங்கித் தானே விரித்தான். விரித்துவிட்டு சாரதி சீட்டில் ஏறி இருந்து, கோர்னை நீளமாக ஒரு அடி அடித்தான்.

எனக்கு விளங்கவில்லை. நானா சொன்னார், "சேர், எங்கட்ட கை தூக்குறது இல்ல. ஓம், சம்மதம் எண்டா கோர்ன்."

அடுத்த வண்டி அடித்தது. அதற்கடுத்தது. கோர்ன் பழுதான ஒருவர் இறங்கி நின்று வாயால் ஊளையிட்டார். கொட்டாஞ்சேனை முழுக்கக் கேட்டிருக்கும். மேல்மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, எதற்கென்று தெரியாமலே ஒரு பிள்ளை கை தட்டியது. நான் சிலிண்டரைக் கீழே வைக்க மறந்து, அதையும் கட்டிப் பிடித்தபடி குதித்தேன். குதித்தேன் என்று நான் சொல்கிறேன். தரையை விட்டு எழும்பவில்லை என்று ஆச்சி சொல்கிறார்.

கண்ணாடிக்காரனின் வண்டி மீன்கார அக்காவோடு புறப்பட்டது. அடுத்த வண்டி தாத்தாவை ஏற்றியது. அந்தச் சாரதிக்கு நாற்காலி மடிக்க அவள் சொல்லிக் கொடுத்தாள். வரிசை நகர்ந்தது. அவள் ஏறி, ஸ்டார்ட் பண்ணி, தன் வண்டியை முன்னே எடுத்தாள். ஒரு வண்டி நீளம். பிறகு இன்னும் ஒரு வண்டி நீளம். இதைவிடத் தூரம் நான் அவளோடு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். இவ்வளவு நல்ல ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, மருதானை அம்மாவுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முழுக்கதையையும் கேட்கவில்லை. "இடம் கிடைச்சுதா? அப்ப வண்டி அவட. திறப்பைத் திருப்பித் தரத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ." அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாவித் துவாரத்தில் தொங்கிய திறப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் கைலேஞ்சியை எடுத்தேன். அதை வாங்கி முன் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஆச்சியும் மாஸ்டரும் அடுத்தடுத்த வண்டிகளில் போக, வரிசையில் அவள் முன்னுக்கு வந்துவிட்டாள். அவளுடைய முறையான முதல் ஹயர் நான்தான் என்று நினைத்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஏறப் போனேன். அதற்குள் கந்தோர் வேலைக்குப் போகிற உடுப்பில் ஒரு இளம் பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்து, "மருதானை ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டு ஏறி இருந்தாள். யார் ஓட்டுகிறார்கள் என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்கிள், ஹயர் வந்திருக்கு" என்றாள் எங்கள் சாரதி. "நீங்க பஸ்ல போங்க."

போனேன். வழியில் சிக்னலில் பஸ் நின்றபோது, பக்கத்தில் அவளுடைய ஓட்டோ வந்து நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைப் போட்டுக் கையாட்டினேன், கூப்பிட்டேன், கொண்டக்டர் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் என்னைக் காணவில்லை. ரயிலைப் பிடிக்க முடியுமா என்று பின் சீட்டுப் பெண் கேட்டிருக்க வேண்டும். "பிடிக்கலாம், பிடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, பச்சை விழுந்ததும் எங்கள் பஸ்ஸை வெட்டிக்கொண்டு போனாள்.